மைக்ரோகண்ட்ரோலர் டூல்செயின்கள்: டெபியனுக்கு ஒரு கோரிக்கைச் சாசனம்

டெபியன் கணினியில் அமர்ந்து, இயங்குதளமே இல்லாத சின்னச் சில்லுகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் நாங்கள். பேக்கேஜ்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்களிடமும் வெளியீட்டுக் குழுவிடமும் இக்கோரிக்கைகளை வைக்கிறோம்.

2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, கணினிக்கு ஜிசிசி 12-ஐத் தந்தது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏவிஆர் சில்லுக்கு அதே வெளியீடு தந்தது ஜிசிசி 5.4, அது 2016-இல் வந்த கம்பைலர். அதன் பதிப்பு எண்ணிலேயே, ஏவிஆரை உருவாக்கிய ஆட்மெல் நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் தனி மூலநிரலை நம்பி நின்றால் இப்படித்தான் ஆகும். ரிஸ்க்-வி சில்லுக்கான கிராஸ் கம்பைலர், டெபியனின் சொந்த ஜிசிசி மூலநிரல் பேக்கேஜிலிருந்தே உருவாகிறது. மற்றவையும் அந்த வழிக்கு வர வேண்டும். ஏழாண்டு இடைவெளி இனி எந்த வெளியீட்டிலும் இருக்கக் கூடாது.

கம்பைலர், பின்யூடில்ஸ் (அசெம்பிளரும் லிங்கரும்), நியூலிப் என்னும் சி லைப்ரரி, சி++ லைப்ரரி ஆகிய நான்கையும் ஒரே தொகுதியாக நகர்த்துங்கள். இதுதான் எங்கள் தலையாய கோரிக்கை. ஆர்ம் கம்பைலருக்கு நியூலிப் வெறும் பரிந்துரையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. பரிந்துரைகளைத் தவிர்த்து கண்டெய்னரில் நிறுவும் மாணவிக்கு, நிரலின் முதல் வரியிலேயே ‘எஸ்டிடிஐஓ’ கோப்பு இல்லை என்று பிழை வரும். தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து அவள் மாலை முழுக்கத் தேடுவாள். சி++ தலைப்புக் கோப்புகளோ கம்பைலரின் பதிப்பு எண் தாங்கிய அடைவில் இருப்பவை; கம்பைலர் மட்டும் முன்னே போய்விட்டால் அவை அதன் கண்ணுக்கே படாது.

ஆகவே ஒவ்வொரு பதிவேற்றத்திலும் தானியங்கிச் சோதனை ஓட வேண்டும். மிதவைப்புள்ளி வன்பொருள் இல்லாத கார்டெக்ஸ்-எம்0-க்கும் அது உள்ள எம்4-க்கும் தனித்தனி லைப்ரரி தேவை என்பதால், இரண்டுக்கும் சிறு நிரல்களை இணைத்துப் பார்த்து, க்யூஈஎம்யூ எமுலேட்டரில் இயக்க வேண்டும். மைக்ரோபிட் பலகையை அது ஏற்கெனவே போலச் செய்கிறது. சோதனை தோற்றால் பேக்கேஜ் டெஸ்டிங் கிளைக்குள் நுழையக் கூடாது.

“உற்பத்தியாளர் தளத்தில் பைனரி இருக்கிறதே, இறக்கிக்கொள்ளுங்கள்” என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. அங்கே எக்ஸ்86 பைனரி மட்டும் இருந்தால், கையில் ராஸ்பெரி பை மட்டுமே உள்ள பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? டெபியன் மூலநிரலிலிருந்து உருவாக்கினால் அதே கம்பைலர் ஆர்ம்64 கணினியிலும் ஓடும். களத்தில் பத்தாண்டு உழைக்கும் மின்மானியின் ஃபர்ம்வேரில் ஓட்டை தெரிந்தால், அன்று பயன்படுத்திய கம்பைலரை அப்படியே மீட்க முடிய வேண்டும். பழைய பேக்கேஜ்களையும் காத்துவைக்கும் டெபியனால் அது முடியும்.

இந்தப் பளு ஓரிரு தன்னார்வலர்களின் தோளில் கிடக்கிறது என்பதை அறிவோம். இந்தக் கம்பைலர்களால் பொருள் செய்து விற்கும் நிறுவனங்கள், தம் ஊழியர்களின் வேலை நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கியாக வேண்டும். எங்கள் பங்காக, டெபியன் 14 உறைநிலைக்குப் போகுமுன் எங்கள் பலகைகளில் ஒவ்வொரு டூல்செயினையும் சோதித்துப் பிழைகளைப் பதிவுசெய்வோம். திருத்தம் எழுதத் தெரிந்தவர்கள் பதிவோடு திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புவோம்.