ஒரு பெயர், மூன்று செடிகள்

மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் ஆயுர்வேதம் பரிந்துரைக்கும் 'ராஸ்னா' எந்தச் செடி? வங்கத்தில் மரத்தைப் பற்றி வளரும் வாண்டா ஆர்க்கிடின் வேர். வட இந்தியாவில் சூரியகாந்திக் குடும்பத்தின் புளூச்சியா லான்சியோலேட்டா. தென்னகத்தில் இஞ்சிக் குடும்பத்துப் பேரரத்தையின் கிழங்கு. பேரரத்தையிலுள்ள அசிட்டாக்சிசாவிகால் அசிட்டேட் அழற்சியைத் தணிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அம்முடிவை மற்ற இரண்டின்மேலும் ஏற்றிச் சொல்ல இயலாது.

ஒரு சொல் பல பொருள் தருவது மொழிக்கு இயல்பே. சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். மருந்துப் புட்டியில் அத்தகைய சூழல் இல்லை. எந்த ராஸ்னா என்று சொல்லாதவரை, 'ராஸ்னா வலியைப் போக்கும்' என்னும் கூற்றைச் சோதிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையும் மருந்து உறையும் தாவரவியல் பெயரையும் பயன்படும் உறுப்பையும் குறிப்பிட்டாக வேண்டும். வலியோடு வருபவர், தாம் உட்கொள்வது எதுவென அறியும் உரிமையுடையவர்.