சொன்ன பிள்ளையை வாய் மூடச் சொன்னோம்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு உங்களுடையது. பள்ளிப் பணியாளர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை ஒழுங்காக நடத்துங்கள் என்று நான் அனுப்பிய மனுக்களுக்கு, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். போக்சோ சட்டமும் விதிகளும் நீங்கள் அறியாதவை அல்ல. ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2024 ஆகஸ்ட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளை இரவில் பள்ளிக் கலையரங்கிலேயே தங்க வைத்தார்கள். முகாம் நடத்தியவனுக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை. விடியும் முன் அவன் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான் என்பது வழக்கு.

அந்தப் பிள்ளை பேசாமல் இருந்துவிடவில்லை. பள்ளி முதல்வரிடம் போய்ச் சொன்னாள். வெளியே சொல்லாதே என்று அவர் அவளை அடக்கியதாகக் காவல்துறை கூறியது. அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், பெற்றோருக்குத் தெரிந்த பிறகுதான் புகார் பதிவானது. முதல்வரும் தாளாளரும் கைதானார்கள்.

யோசித்துப் பாருங்கள் ஐயா. 'குட் டச், பேட் டச்' என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறோம். நம்பிக்கையான பெரியவரிடம் சொல் என்கிறோம். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் எழுதி வைக்கிறோம். சொல்லிக் கொடுத்ததை அவள் அப்படியே செய்தாள். தவறியவர்கள் பெரியவர்கள்.

அந்தப் பெரியவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? நான் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சட்டப் பிரிவுகளைத் திரையில் ஓட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், குழுப்படம் எடுத்தார்கள். மதியத்துக்குள் முடிந்தது. ஒரு பிள்ளை அழுதுகொண்டே எதிரில் வந்து நின்றால் முதலில் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. 'நீ ஏன் அங்கே போனாய்' என்று கேட்கக்கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொண்டு அன்றே புகார் கொடுக்க வேண்டும். இது திரையைப் பார்த்து வருவதில்லை. பேசிப் பழகி, நடித்துப் பார்த்து, தப்பைத் திருத்திக்கொண்டுதான் வரும்.

அந்தக் கூட்டத்துக்குத் தாளாளர்களைக் கூப்பிடவில்லை. வேன் ஓட்டுநர், ஆயா, காவலாளி, வாரம் ஒருமுறை வந்துபோகும் கராத்தே மாஸ்டர் யாருமே பட்டியலில் இல்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அதிகம் இருப்பது நிர்வாகத்திடம்தான். பிள்ளையின் வாயை அடைப்பதும் அந்தப் பயம்தான். பிள்ளையைவிடப் பெயர் பெரிதில்லை என்பதை அவர்களை உட்கார வைத்துச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. இன்னும் ஏன் தயக்கம்?

இன்னொரு சுற்றறிக்கை வேண்டாம். தாளாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள். குழந்தைகளோடு வேலை செய்து பழகியவர்களைக் கொண்டு கொடுங்கள். வெளியாட்களைச் சரிபார்க்காமல் வளாகத்துக்குள் விடும் பள்ளியின் அங்கீகாரத்தில் கை வையுங்கள்.

அடுத்த பிள்ளையும் வந்து சொல்வாள். அன்றைக்கும் ஒரு பெரியவர் அவளை வாய் மூடச் சொன்னால், அந்தக் குற்றத்தில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் கோப்பிலுள்ள கையெழுத்துகள் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்