கரையில் மூட்டிய தீ

ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயத்துப் பாஸ்குத் தேர் நிலைக்கு வந்ததும் மக்கள் ஊர் திரும்புகின்றனர். வீட்டில் காத்திருப்பன பழைய கடனும் வறண்ட கிணறுமே. நம் மாவட்டக் கடற்கரையிலோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. உயிர்த்த ஆண்டவர் நம் உலைப்பானையை அறிவாரோ என்ற ஐயம் குருவாகிய நமக்கும் எழுந்ததுண்டு.

அன்பர்களே, அருளப்பர் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீடர் எழுவர் கரைசேர்கின்றனர். சாவை வென்றவர் அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். வலையில் அகப்பட்ட 153 மீன்களை வியந்து பேசுகிறோம். அவை கரைக்கு வருமுன்னரே நெருப்பின்மேல் மீன் இருந்ததைக் கவனிப்பவர் சிலரே. முன்பு ஒரு கரிநெருப்பின் அருகில்தான் இராயப்பர் ஆண்டவரை மறுதலித்தார். ஆயினும் அவர் உண்டு முடிக்கும்வரை ஆண்டவர் அவரிடம் எதையும் வினவவில்லை.

கோவில் வரி பாக்கி வைத்துவிட்டு, நெடுநாள் பூசைக்கு வராத குடும்பம் நம் வாசலில் நின்றபோதெல்லாம், நாம் முதலில் திறந்தது வரிப் புத்தகத்தையே. இவ்வாண்டு முதலில், சாப்பிட்டீர்களா என்று கேட்கவிருக்கிறோம்.