கெமராவுக்கு முன்னர் காதுக்கு முதலிடுங்கள்

வீடியோ தொழிலில் இறங்கும் எமது இளைஞர்கள் இரண்டு வருடத்துக்கொரு முறை கெமரா மாற்றுகிறார்கள், ட்ரோன் வாங்குகிறார்கள். ஒலிக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், "கெமராவிலேயே மைக் இருக்கிறதே" என்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான். பட்டுத் தெளிந்த பின்னரே இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிக்காஹ்வைப் பதிவு செய்யப் போனேன். மண்டபத்துச் சவுண்ட் செட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து நேராகக் கெமராவின் மைக் துவாரத்தில் சொருகினேன். ஹெட்போன் போடவில்லை. மிக்ஸரிலிருந்து வெளியே வரும் லைன் சமிக்ஞை, மைக் சமிக்ஞையைவிடப் பன்மடங்கு பலமானது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் போட்டுக் கேட்டபோது, வலியாக இருந்த மணமகளின் வாப்பாவுடைய குரல் முழுவதும் ஒரே கரகரப்பு. ஆறு மாதத்தில் அவர் வபாத்தானார். மகள் என்னிடம் கேட்டதெல்லாம் வாப்பாவின் குரலை மட்டும்தான். முகம் தெளிவாக இருந்தது, குரல் இருக்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது ஈடாகுமா?

ஒரு கெமராவில் படம் கெட்டால் மற்றக் கெமரா கைகொடுக்கும். ஒலி கெட்டால் அந்த நிக்காஹ்வை மீண்டும் நடத்த முடியாது. ஆகவே அடுத்த கெமராவுக்கு முன்னர், தோளில் மாட்டிச் செல்லக்கூடிய ஒரு மிக்ஸரை வாங்குங்கள் என்பதே எனது கருத்து.

முதலில் எண்ணிப் பாருங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை குரல்கள்? பேட்டிக்கு இரண்டு. நிக்காஹ்வுக்கு வலி, மாப்பிள்ளை, மௌலவி என மூன்று. பன்னிரண்டு சனல் மேசை மிக்ஸர் மேடைக்குரியது, அதற்குச் சுவர் மின்சாரமும் வேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். பெட்டரியில் இயங்குவதையே தேடுங்கள். எக்ஸ்எல்ஆர் துவாரங்கள், 48 வோல்ட் பேண்டம் மின், மைக்-லைன் தெரிவு, திடீர்ச் சத்தத்தை அடக்கும் லிமிட்டர், சொந்த மெமரி கார்டில் பதியும் வசதி ஆகியவையும் இருக்க வேண்டும்.

பேட்டி மட்டும் எடுப்பவருக்கு இரண்டு துவாரங்கள் கொண்ட சூம் எஃப்3 பதிவுக் கருவி போதும். கல்யாணங்களுக்கு மூன்று மைக் துவாரங்களுள்ள சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-3 அல்லது ஆறு துவாரங்களுள்ள சூம் எஃப்6 பொருந்தும். சூம் கருவிகள் இரண்டும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிபவை. சத்தம் கூடிவிட்டாலும் பின்னர் குறைத்துச் சீராக்கலாம். ஆனால் மைக்கிலேயோ வயர்லெஸ் கருவியிலேயோ குரல் உடைந்திருந்தால் எந்த முறையாலும் அதனை மீட்க முடியாது.

2022இல் ரூபா சரிந்த பின்னர் இவை மலிவான பொருட்களல்ல. எனவே கடன்பட்டு அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். மாத வாடகை எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்த்த பின்னர் வாங்குங்கள். ஒரே ஊரில் தொழில் செய்யும் இருவர் பங்காக வாங்கினாலும் நல்லதே.

எதை வாங்கினாலும் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றாதீர்கள். அன்று நான் அதைப் போட்டிருந்தால், அந்த மகளுக்கு இன்று வாப்பாவின் குரல் இருந்திருக்கும்.