பீர்க் கடை வைத்த பாட்டனார்

இங்கிலாந்திலே தங்கள் வமிசாவளியைத் தேடி எழுதிவைக்கும் ஆசை இக்காலத்தில் மிகவும் பரவியிருக்கிறது. பிரபுக்களின் குடும்பங்களில் அது பழைய வழக்கந்தான். இப்பொழுதோ ஆலைத் தொழிலாளி, வண்டியோட்டி, கொல்லன் ஆகியோரின் சந்ததியாரும் குடிமதிப்புத் தாள்களையும் மாதா கோயில் பதிவேடுகளையும் புரட்டுகிறார்கள். அப்படிப் புரட்டுகிறவர்களில் பலர், பாட்டனாருக்குப் பாட்டனாரின் பெயருக்கு நேரே 'பீர் விற்பவர்' என்று எழுதியிருப்பதைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். பத்து வருஷத்துக்கு முந்திய குடிமதிப்பில் அதே மனிதர் செருப்புத் தைப்பவர். பத்து வருஷத்துக்குப் பிந்தியதில் நிலக்கரி வியாபாரி. நடுவிலே இந்த பீர் எங்கிருந்து வந்தது? மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடியின் பெருமையைப் பாடுவது நமது நோக்கமன்று.

அந்த பீர் வந்தது 1830-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து. அதற்கு முன் மதுவிடுதி வைக்க விரும்புகிறவன் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளின் தயவை நாட வேண்டும். மாஜிஸ்திரேட்டுகளோ நிலப் பிரபுக்கள். பீர் காய்ச்சும் பெரிய முதலாளிகளுடன் விருந்துண்ணும் சிநேகிதர்கள். விடுதிகளில் பெரும்பகுதி அம்முதலாளிகளின் கைக்குள் அடங்கியிருந்தது. இந்த ஏகபோகத்தை உடைக்கவும், ஏழைகளை ஜின் சாராயத்திலிருந்து பீருக்குத் திருப்பவும், பார்லி பயிரிடும் குடியானவர்களுக்கு உதவவும் எண்ணி வெல்லிங்டன் பிரபுவின் மந்திரி சபை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வரி செலுத்தும் எந்தக் குடித்தனக்காரனும் ஆயத்தீர்வை இலாகாவில் இரண்டு கினி கட்டி, ஜாமீனும் கொடுத்தால், தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். மாஜிஸ்திரேட்டைக் கேட்க வேண்டியதில்லை. சாராயமும் திராட்சை மதுவும் மாத்திரம் விற்கக் கூடாது. பீரின் மேலிருந்த வரியையும் அவ்வருஷமே எடுத்துவிட்டார்கள்.

பீர் நல்லது, ஜின்தான் பொல்லாதது என்ற எண்ணம் அந்நாட்டில் நெடுநாளாக ஊறியது. 1751-இல் ஹோகார்த் என்னும் சித்திரக்காரர் பீர் வீதியையும் ஜின் சந்தையும் எதிரெதிராக வரைந்திருக்கிறார். பீர் வீதியிலே எல்லோரும் கொழுகொழுவென்று சிரிக்கிறார்கள். ஜின் சந்திலே தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. சட்டம் செய்தவர்களின் மனத்தில் இருந்ததும் ஏறக்குறைய இந்தச் சித்திரமே.

சட்டம் அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள்! எட்டு வருஷத்தில் நாற்பதினாயிரத்துக்கும் மேல். கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். வீட்டின் முன்னறையில் இரண்டு பீப்பாய், ஒரு பெஞ்சு, சில மண் குவளைகள், அவ்வளவுதான். தச்சனும் தையற்காரனும் பகலில் தம் தொழிலைச் செய்துகொண்டே இதையும் நடத்தினார்கள். காலை நான்கு மணிக்குத் திறக்கலாம், இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்பது விதி. சீக்கிரத்திலேயே கூக்குரல் எழுந்தது. 1834-இல், கடையிலேயே குடிக்க விற்பவன் வரி செலுத்தும் ஆறு பேரிடம் நன்னடத்தைச் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று திருத்தினார்கள். பிரஸ்டன் நகரத்திலே 1832-இல் லிவ்ஸியும் வேறு ஆறு பேரும் மதுவை அறவே தொடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்தார்கள் அல்லவா? அதற்கும் இந்தக் கடைகளின் பெருக்கம் ஒரு காரணம்.

தேடுகிறவனுக்குக் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1828 வரையில் மதுவிடுதிக்காரர்கள் வருஷந்தோறும் மாஜிஸ்திரேட்டிடம் எழுதிக் கொடுத்த ஜாமீன் பத்திரங்கள் பல ஜில்லாக்களின் ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. பீர்க் கடைக்காரனோ மாஜிஸ்திரேட்டின் வாசலையே மிதிக்காதவன். ஆயத்தீர்வை இலாகா அவனிடம் பணத்தை வாங்கிக்கொண்டது. அவனைப் பற்றிய காகிதங்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. 1869-இல் மறுபடியும் மாஜிஸ்திரேட்டுகளின் அதிகாரத்துக்கு இக்கடைகள் வரும் வரையில், சுமார் நாற்பது வருஷம், இவர்களுக்கென்று ஒழுங்கான பதிவேடு கிடையாது. யாருடைய தயவும் வேண்டாமல் பிழைக்க முடிந்த சின்ன மனிதன், அந்தச் சுதந்திரத்தினாலேயே சரித்திரத்தின் கண்ணுக்கு மறைந்து போனான். இது எவ்வளவு விசித்திரம்!

பிறகு எங்கே தேடுவது? ஊர் டைரெக்டரிகளில் 'பீர் விற்பவர்' என்ற தலைப்பின் கீழ் பெயரும் தெருவும் இருக்கும். கடைக்குப் பெயர் இருந்தாலும் அதைப் போட மாட்டார்கள். பெரிய விடுதிகளுக்குத்தான் அந்த மரியாதை. பெயரில்லாத கடையைப் பழைய ஸர்வே படத்திலே கண்டுபிடிக்கலாம். பெரிய அளவில் வரைந்த நகரப் படங்களில் பீர்க் கடைக்கு 'பி. எச்.' என்றும், முழு லைசென்ஸ் பெற்ற விடுதிக்கு 'பி. எச்.' என்றுமே தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. அதற்கப்புறம் உள்ளூர்ப் பத்திரிகை. பத்து மணிக்கு மேல் கதவைத் திறந்து வைத்ததற்காகவும், சூதாட இடங்கொடுத்ததற்காகவும் அபராதம் விதித்த செய்திகளிலே பாட்டனார் அகப்படுவார். ஒழுங்காக நடந்துகொண்டவர் அகப்பட மாட்டார். ஆகையால் அபராதச் செய்தியைப் படித்துவிட்டு, 'நம் குலத்திலா இப்படி!' என்று குன்றிப் போவதில் நியாயமில்லை. நல்ல நாட்களை அச்சிட எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. தச்சன் விடியற்காலையில் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால், பகலெல்லாம் பீப்பாயைத் திறந்தது யார்? குவளை கழுவியதும், கடன் கணக்கை நினைவில் வைத்ததும், வெறி மீறியவனை வெளியே தள்ளியதும் யார்? வீட்டுக்காரிதான். ஆனால் லைசென்ஸ் புருஷன் பெயரில். 1882-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில் மணமான பெண்ணின் சொத்தும் வியாபாரமும் பெரும்பாலும் கணவனையே சேர்ந்தவை. குடிமதிப்பு எழுத வந்தவர் அவளுடைய தொழில் கட்டத்தைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டார். எழுதினாலும் 'பீர்க் கடைக்காரன் மனைவி' என்று எழுதினார். ஆகவே 'பீர்க் கடை வைத்த பாட்டனாரை'த் தேடுகிறவர்கள் பல வீடுகளில் உண்மையில் தேட வேண்டியது பாட்டியாரை.

அவள் பெயர் வெளிப்படும் சமயம் ஒன்று உண்டு. புருஷன் இறந்த பிறகு அதே தெருவில், அதே கதவிலக்கத்தில், 'விதவை, பீர் விற்பவர்' என்று குடும்பத் தலைவியாக அவள் நிற்பதைப் பல குடிமதிப்புகளில் காணலாம். கடை அவளுக்குப் புதிதன்று. காகிதத்துக்குத்தான் அவள் புதியவள். 1851 முதல் குடிமதிப்பில் உறவு முறையும் பிறந்த ஊரும் எழுதியிருப்பதால் அங்கிருந்து அவள் பிறந்த வீட்டுக்கும் வழி பிடிக்கலாம். அடுத்த பத்து வருஷத்தில் அக்கதவிலக்கத்தில் வேறொருவர் பெயர் இருந்தால், மணமான பெண்களின் வீடுகளில் பார்க்க வேண்டும். 'மாமியார், வயது 70' என்று ஒரு வரி இருக்கும். தொழில் கட்டம் மறுபடியும் வெறுமை.