"கேட்" என்றால் பூனையா? கதவா?

மாலை நேரம். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சிறுமி பாடம் படிக்கிறாள். வயது ஐந்து. புத்தகத்தில் ஒரு பூனைப் படம். அதற்குக் கீழே இங்கிலீஷ் சொல். அந்தச் சொல்லின் தலைமேல் "கேட்" என்று தமிழில் பென்சிலால் எழுதிக் கொடுத்து இருக்கிறாள், அக்காள்.

சிறுமி படித்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர் வீட்டில் பெரிய இரும்புக் கதவு.

"அம்மா! அதுவும் கேட்தானே? அது எப்படிப் பூனை ஆகும்?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. "டீச்சர் சொன்னபடி படி!" என்று அதட்டினாள். குழந்தை வாயை மூடிக்கொண்டது.

தவறு யார் மீது?

குழந்தை கேட்டது நல்ல கேள்வி. பூனையைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல் வேறு. கதவைக் குறிக்கும் சொல் வேறு. இரண்டின் ஓசையும் வேறு. ஆனால், தமிழில் எழுதினால் இரண்டுமே "கேட்" ஆகிவிடுகிறது! எலியும் "ரேட்", கத்தரிக்காய் விலையும் "ரேட்"!

இது தமிழின் குறை அல்ல. நம் எழுத்துகள் நம் ஓசைகளுக்காகப் பிறந்தவை. இங்கிலீஷ் ஓசைகளை அவற்றில் அடைக்கப் பார்ப்பது நம் தவறு.

ஆகவே, இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் குழந்தையின் காதைப் பழக்குங்கள்.

வால் மாறாத சொற்கள்

காதைப் பழக்க நல்ல வழி, ஒலி ஒத்த சொற்கள். இங்கிலீஷில் பூனை, எலி, தொப்பி, பாய் ஆகிய நான்கும் ஒரே மாதிரி முடியும் சொற்கள். தலை மாறும்; வால் மாறாது!

தமிழ்ச் செய்யுளிலும் இது உண்டு. அதற்கு இயைபு என்று பெயர். ஆனால், நம் புலவர்கள் பெரிதும் பார்த்தது மோனையும், எதுகையும்தான். மோனை முதல் எழுத்து. எதுகை இரண்டாம் எழுத்து. நாம் சொல்லின் முன்பக்கத்தைப் பார்க்கிறோம். இங்கிலீஷ்காரர் பின்பக்கத்தைப் பார்க்கிறார். அந்தப் பின்பக்கத்தைக் கவனிக்க நம் பிள்ளைக்குச் சொல்லித் தரவேண்டும்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். படிக்கத் தெரியாத 4, 5 வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் சோதித்தார்கள். சில சொற்களைச் சொல்லி, "இதில் எது சேராது?" என்று கேட்டார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள், பின்னால் படிப்பதிலும், பிழை இல்லாமல் எழுதுவதிலும் முன்னே நின்றார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். 65 பிள்ளைகளைப் பிரித்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி நடத்தினார்கள். ஓசையோடு எழுத்தையும் சேர்த்துப் பழகியவர்களே எல்லோரையும் முந்தினார்கள்! இந்த முடிவு 1983-ல் "நேச்சர்" இதழில் வெளிவந்தது.

எனவே, ஓசை மட்டும் போதாது. காது முதலில், கண் அடுத்தது. இரண்டும் கைகோத்து வரவேண்டும்.

இந்தச் சொற்களை வைத்தே கதை எழுதிப் புகழ் பெற்றவர், அமெரிக்காவின் டாக்டர் சூஸ். தொப்பி போட்ட பூனையின் கதையை 1957-ல் வெளியிட்டார். அந்தப் புத்தகம் முழுவதிலும் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே!

ஒப்பித்தால் போதுமா?

விருந்தாளி வந்ததும், "இங்கிலீஷ் பாட்டுப் பாடு, கண்ணு" என்கிறோம். குழந்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. கை தட்டுகிறோம். அதில் எந்தச் சொல்லுக்கு எது ஜோடி என்று கேட்டால், விழிக்கிறது! பாட்டு நல்லதுதான். ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொன்னால்தான் அது பாடம் ஆகும்.

எழுத்து ஏமாற்றுவதும் உண்டு. "வா" என்பதற்கு "கம்". "வீடு" என்பதற்கு "ஹோம்". இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரி முடியும், ஓசையில் முடியாது. இத்தகைய சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று எழுத்துச் சொற்களே போதும்.

அம்மாவால் முடியும்!

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே!" என்று ஏங்கும் தாய்மார்களே! ஓசை விளையாட்டுக்கு இங்கிலீஷ் வேண்டாம்.

அரிசி களையும்போது கேளுங்கள்: "ஆடு, மாடு, காடு, கோழி. இதில் எது சேராது?" குழந்தை சிரித்துக்கொண்டே "கோழி!" என்று சொல்லும். ஆக்ஸ்போர்டில் கேட்ட கேள்வியும் இதே மாதிரிதான்! தமிழில் பழகிய காது, இங்கிலீஷ் ஓசையையும் கவனிக்கத் தொடங்கும். இங்கிலீஷ் உச்சரிப்பை ஆசிரியரிடம் கேட்கலாம், கைபேசியிலும் கேட்கலாம்.

வாசற்படியில் இருந்த அந்தத் தாய், அதட்டாமல் இப்படிச் சொல்லி இருக்கலாம்:

"நீ கேட்டது சரிதான், கண்ணு. எனக்கும் தெரியவில்லை. நாளைக்கு டீச்சரை இரண்டையும் சொல்லச் சொல்லி, நன்றாகக் கேட்டுக்கொண்டு வா. வந்து எனக்கும் சொல்லிக் கொடு!"

இரண்டு பேர் படித்து இருப்பார்கள்.