சின்னச் சொல், பெரிய அச்சம்



கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். திரவ நைட்ரஜனும் ‘ரன் அவுட்’ ஆகும் என்பதைக் கொல்கத்தாவுக்கு முதுகலை படிக்க வந்த பிறகே அறிந்தேன். ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவர் ஒருவர் அப்படிச் சொன்னதும், குடுவையிலிருந்து அது ஒழுகி ஓடுகிறது என்று எண்ணிக் கந்தைத் துணியோடு ஓடினேன். எல்லாரும் சிரித்தார்கள். பள்ளி முழுவதும் தமிழில் படித்த எனக்கு அந்தச் சிரிப்பு ஒரு பருவம் முழுவதும் வாய்ப்பூட்டாயிற்று. வகுப்பில் ஐயம் எழுந்தாலும் நான் எழுந்து கேட்கத் துணியவில்லை.

பூட்டைத் திறந்தவர் ஆங்கிலப் பேராசிரியர் அல்லர். ஆய்வுக்கூடப் பணியாளரான வங்காளப் பெரியவர். மறுமுறை குடுவை காலியானபோது அவர் ‘ஃபுரியே கேச்சே’ என்றார். சொல்லுக்குச் சொல் நம்முடைய ‘தீர்ந்து போயிற்று’! பொருள் எங்கும் நடந்து போய்விடவில்லை. முற்றும் முடிந்தது என்று காட்டவே ‘போயிற்று’ வருகிறது. அவ்வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘அவுட்’ செய்கிறது.

அப்படியானால் இது நாம் கண்டு மிரள வேண்டிய புதுமையா? ‘பார்த்துக்கொள்’, ‘பார்த்துவிடு’, ‘பார்த்துத் தொலை’ என்கிறோம். வினை ஒன்று, பொருள் மூன்று. எந்த அகராதியைப் புரட்டி இவற்றைக் கற்றோம்? ஆங்கிலேயருக்கு ‘அவுட்’டும் ‘ஆஃப்’பும் அப்படியே. அயலார்க்கு மிகுந்த இடர் தருவன இத்தகைய வினைகள் என்பதை 1755-இல் தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே ஒப்புக்கொண்டார். ஆகவே நாம் இடறுவது அறிவுக்குறை அன்று.

குறை நாம் கற்கும் முறையில் இருக்கிறது. கல்லூரித் தெருவில் வாங்கிய பழைய நூலை வைத்துக்கொண்டு ‘கிவ் அப், கிவ் இன், கிவ் ஆஃப்’ என்று நெட்டுருப் போட்டேன், மறுநாளே மறந்தேன். வினையை விட்டு, பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பிடித்தபோது தெளிவு பிறந்தது. ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் நீங்குதல், பிரிதல். வளியை வெளிவிடுவது ‘கிவ் ஆஃப்’. கொதித்து நீங்குவது ‘பாயில் ஆஃப்’. உதிர்வது ‘ஃபால் ஆஃப்’. ‘அவுட்’ வந்தால் பல இடங்களில் முற்றும் தீர்தல்: எரிந்து தீர்வது ‘பர்ன் அவுட்’, தேய்ந்து போவது ‘வேர் அவுட்’.

எல்லாம் இவ்வாறு வகைக்குள் அடங்கா. ‘புட் அப் வித்’ என்பதைப் ‘பொறுத்துக்கொள்’ என்று ஒரே சொல்லாகத்தான் மனத்தில் வைக்க வேண்டும். இடமும் முக்கியம். ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ சரி. ‘லுக் இட் அட்’ பிழை. ‘ஆஃப்’ அங்கே வினையின் பகுதி, அதனால் விலகி நிற்கும். ‘அட்’ தனக்குப் பின்வரும் பெயரைச் சார்ந்தது, அதை விட்டு விலகாது.

மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாரம் ஒரு சின்னச் சொல்லை எடுத்து, தமிழோடும் நாம் அன்றாடம் கேட்கும் வங்காளத்தோடும் ஒப்பிட்டுக் கற்போம். ஆங்கில வழியில் படித்து வந்த நண்பர்களே, பிழை செய்பவரைத் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். சிரிப்புக்கு அஞ்சிக் கேளாமல் விட்ட கேள்வி, கற்காமல் விட்ட பாடமாகும்.

‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோதல்; ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல். பொருள் தெரிந்துகொள்வோம்; இரண்டையும் செய்யாதிருப்போம்!